ஒரு சோறு பதமாகுமா? - வைர மதிப்பீட்டில் பெருங்கற்கள்

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர் நம் முன்னோர். பானை முழுதும் ஒரே தீயில் வேவதால் அப்பழமொழி பொய்ப்பதில்லை. வைரம் தேடுவோர்க்கும் அது பொருந்துமா என்பதை ஈண்டுக் காண்போம்.

மதிப்பிடும் முறை

வைரம் பெரும்பாலும் கிம்பர்லைட் என்னும் எரிமலைப் பாறையிலிருந்து எடுக்கப்படுகிறது. புதிய இடத்தில் அப்பாறையை ஓரளவு வெட்டி நொறுக்கி, கிடைக்கும் கற்களை மாதிரியாகக் கொள்வர். நூறு டன்னுக்கு எத்தனை காரட், காரட்டின் சராசரி விலை யாது என்னும் இரண்டையும் பெருக்கிப் பாறையின் மதிப்பைக் கணிப்பர். ஒரு காரட் 0.2 கிராம் ஆகும்.

பெருங்கல்லின் விளைவு

கல் பெரிதாகப் பெரிதாக எடை மட்டுமன்றிக் காரட்டின் விலையும் உயரும். மாதிரியில் 1,000 காரட் கிடைத்ததாகக் கொள்வோம். அனைத்தும் காரட் 100 டாலர் பெறும் சிறுகற்கள் எனின், மொத்தம் 1,00,000 டாலர். அவற்றுள் 20 காரட் எடை ஒரே கல்லாகிக் காரட் 5,000 டாலர் பெறுமாயின், மொத்தம் 1,98,000 டாலர் ஆகிவிடும். ஒரு கல் சராசரியை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. அது தற்செயலாக அகப்பட்டதாயின் மதிப்பு மிகையாகி முதலீட்டாளரைக் கெடுக்கும். பாறையில் இருந்தும் அகப்படாது போயின், அல்லது துளையிடுகையில் உடைந்து போயின், மதிப்புக் குறைந்து நல்ல சுரங்கம் கைவிடப்படும்.

ஆதலின் வல்லுநர் கற்களைச் சல்லடையால் அளவுவாரியாகப் பிரித்து, ஒவ்வோர் அளவிற்கும் தனி விலை காண்பர். அளவு ஏற ஏறக் கற்களின் எண்ணிக்கை குறையும் முறையை வரைபடமாக்கி, பெருங்கல் எத்தனை டன்னுக்கு ஒன்று வரக்கூடும் எனக் கணிப்பர். ஒற்றைப் பெருங்கல்லின் விலையை அப்படியே சராசரியிற் சேர்ப்பதில்லை.

போட்ஸ்வானா காட்டும் பாடம்

ஆப்பிரிக்க நாடான போட்ஸ்வானாவில் டி பீர்ஸ் நிறுவனம் 1969இல் கண்டறிந்த ஏ.கே.6 என்னும் பாறையே இன்றைய கரோவே சுரங்கம். அதில் தனக்கிருந்த ஏறத்தாழ 70 விழுக்காட்டுப் பங்கை அந்நிறுவனம் 2009இல் லுகாரா நிறுவனத்திற்கு 4.9 கோடி டாலருக்கு விற்றது. 2015 நவம்பரில் அங்கே 1,109 காரட் கல் ஒன்று கிடைத்தது. லெசெடி லா ரோனா எனப் பெயர் பெற்ற அக்கல் 2017இல் 5.3 கோடி டாலருக்கு விலைபோயிற்று. பங்கின் விலையை ஒரே கல் விஞ்சிவிட்டது! 2024இல் 2,488 காரட் கல்லும் அங்கேயே கிடைத்தது.

முடிவுரை

இத்தகைய கற்கள் சிறு மாதிரியில் அகப்படுமென எதிர்பார்த்தல் இயலாது. சோற்றுக்குப் பொருந்தும் அளவுகோல் வைரத்திற்குப் பொருந்தாமை இதனாற் புலனாகும். மாதிரியில் காணாத கல்லை இல்லாத கல் என முடிவு கட்டுதல் தகாது.