கரும்புத் தொட்டிலும் இறங்காத விதையும்

பிள்ளையில்லாத ஏக்கத்துக்குத் திருவண்ணாமலையில் ஒரு கோபுரமே சாட்சி நிற்கிறது. அந்தக் கோபுரத்துக்குப் பெயர் தந்த, வாரிசில்லாத வல்லாள மகாராஜாவுக்கு அண்ணாமலையாரே மகனாகி, மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார். வேண்டிப் பெற்ற குழந்தையைத் தீபத் தேரோட்டத்தன்று கரும்புத் தொட்டிலில் இட்டு மாட வீதி சுற்றுகிறார்கள். தொட்டிலில் கிடப்பது ஆண் பிள்ளையா? துணி மாற்றும்போது ஒன்று பாருங்கள்: விதைப்பையில் இரண்டு விதையும் இருக்கிறதா?

நம்பிக்கை: "வளர வளரத் தானா இறங்கிடும்."

உண்மை: இதில் பாதி நிஜம், அதுதான் ஆபத்து. நிறைமாத ஆண் குழந்தைகளில் 100-க்கு 2 முதல் 4 பேருக்கு விதை இறங்காமலிருக்கும். பெரும்பாலும் 6 மாதத்துக்குள் இறங்கிவிடும். அதற்கு மேல் இறங்குவது அபூர்வம்.

பிறந்த சில மாதங்களில் ஆண் ஹார்மோன் ஒருமுறை ஏறித் தணிகிறது. அந்த வேகத்தில்தான், கருவிலிருந்து வந்த ஆதிச் செல்கள் விந்தணு மூலச் செல்களாக மாறுகின்றன. ஆயுள் முழுக்க விந்தணு தரப்போகும் விதைநெல் இவை. விதைப்பை உடம்பைவிட 2 முதல் 4 டிகிரி குளிர்ச்சியானது. மேலே, உடல் சூட்டில் மாட்டிக்கொண்ட விதையில் அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லை. இருக்கும் செல்களும் குறைந்துகொண்டே போகின்றன. அதனால்தான் 6 முதல் 18 மாதத்துக்குள் அறுவை செய்து விதையைக் கீழே இறக்கச் சொல்கிறார்கள். பத்து வயதுவரை காத்திருப்பது, விதைநெல் புழுத்தபின் ஏர் பூட்டுகிற கதை.

நம்பிக்கை: "எண்ணெய் தேய்ச்சு உருவினா வந்துடும்."

உண்மை: வராது. சில பிள்ளைகளுக்குக் குளிரில் மேலேறும் விதை வெந்நீரில் தானே கீழே வரும். அதற்கு அறுவை வேண்டாம், ஆண்டுக்கொரு பரிசோதனை போதும். பாட்டியின் கைராசி என்று பேர் வாங்கியது அந்த வெந்நீர்தான்!

நம்பிக்கை: "மீசை முளைச்சிடுச்சே, அவனுக்கென்ன குறை?"

உண்மை: மீசைக்கும் குரலுக்குமான ஹார்மோனைச் சுரப்பவை வேறு செல்கள், சூட்டை ஓரளவு தாங்கும். தாம்பத்தியத்திலும் குறை தெரியாது. ஆனால் இரண்டு விதையும் இறங்காமலே விட்டிருந்தால், பெரும்பாலும் விந்தணு மட்டும் இருக்காது. கணவருக்கு ஒரு விந்துப் பரிசோதனைகூடச் செய்யாமல், மனைவியை மட்டும் பௌர்ணமிதோறும் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடக்கவிடுவது அநியாயம்.

நம்பிக்கை: "ஒண்ணு இருந்தா போதும்."

உண்மை: தகப்பனாவதற்குப் பெரும்பாலும் போதும். ஒரு பக்கம் மட்டும் இறங்காமலிருந்து சிறுவயதில் அறுவை செய்துகொண்டவர்களில் சுமார் 90 சதவீதம் பேர் தந்தையாகிறார்கள். இரு பக்கமும் என்றால் சுமார் 65 சதவீதம். ஆனால் விதைப் புற்றுநோய்க் கணக்கு வேறு. 2007-இல் வெளியான ஸ்வீடன் ஆய்வின்படி, 13 வயதுக்கு முன் அறுவை செய்தவர்களுக்கு அந்த ஆபத்து மற்றவர்களைவிட 2 மடங்குக்குச் சற்று மேல். அதற்குப் பின் செய்தவர்களுக்கு 5 மடங்குக்கு மேல்.

பிறந்ததும் இரண்டுமே கையில் தட்டுப்படாவிட்டால் உடனே காட்டுங்கள். மற்றவர்கள், 14-ஆம் வாரத் தடுப்பூசிக்குப் போகும்போது "ரெண்டும் இறங்கியிருக்கா டாக்டர்?" என்று கேளுங்கள். அரசு அட்டவணைப்படி அடுத்த ஊசி 9-ஆம் மாதம்தான். 6-ஆம் மாதம் இடையில் நழுவிவிடும்.