தோல்விக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி,

பணியில் சேர்ந்த முதல் வருடத்திலேயே எட்டு, ஒன்பது, பத்து மூன்று வகுப்புகளுக்கும் கணக்கு எடுக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் இப்படிக் கேட்டிருந்தீர்கள்: “ஸ்லிப் டெஸ்டில் மார்க் குறைந்தால் ஒரு பெண் மறுநாள் பள்ளிக்கே வருவதில்லை. ஒரு பையன் விடைத்தாளைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். இந்தப் பிள்ளைகளைத் தோற்கவிடலாமா, இல்லை, தோற்காமல் பார்த்துக்கொள்வதுதான் ஆசிரியரின் வேலையா?” புதிதாக வகுப்பறைக்குள் நுழையும் பலருக்கும் இந்தத் தடுமாற்றம் இருக்கும். அதனால்தான் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

தோற்கவிடுங்கள். ஆனால் மறுநாள் என்ன நடக்க வேண்டும் என்பதை முதலில் ஏற்பாடு செய்துவிட்டு, அதன் பிறகு தோற்கவிடுங்கள். என் முப்பது வருட வகுப்பறை அனுபவத்தின் சாரம் இவ்வளவுதான்.

‘தோல்வியே வெற்றிக்கு முதல் படி’ என்று நம் பள்ளிச் சுவர்களில் பெயின்டில் எழுதி வைத்திருக்கிறோம். அடுத்த படி எங்கே இருக்கிறது என்று பிள்ளைக்கு நாம் காட்டுவதில்லை. ராமானுஜனின் கதையையும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். 1904இல் உதவித்தொகையோடு கும்பகோணம் அரசுக் கல்லூரியில் சேர்ந்தவர், கணக்கைத் தவிர மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு அந்தத் தொகையை இழந்தார். சென்னைப் பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தும் எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரித் தேர்வில் தேறவில்லை; 1907இல் திரும்ப எழுதியும் தேறவில்லை. “அவரே ஃபெயில் ஆனவர்தான், நீ கவலைப்படாதே” என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். தோற்ற பிறகு அவர் வேலையும் வருமானமும் இல்லாமல் வறுமையில் தவித்ததைச் சொல்வதில்லை. இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அவருடைய நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, ஆளின் அருமை தெரிந்து, பரிந்துரைக் கடிதம் கொடுத்து அனுப்பினார். நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் கைப்பணம் கொடுத்து ஆதரித்தார். 1912இல் சென்னைத் துறைமுகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அந்தக் கைகள் நீளாமல் போயிருந்தால் தேர்வில் தவறிய ஆயிரம் பேரில் ஒருவராக அவரும் மறைந்திருப்பார். தோல்வி அவருக்கு எதையும் கற்றுத் தரவில்லை. தோற்ற பிறகும் அவரை மதித்த மனிதர்களே அவரை நமக்குத் தந்தார்கள்.

ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. ஹவாய்த் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த கவாயில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடும்பச் சண்டை, பெற்றோரின் குடி அல்லது மனநோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் மூன்றில் ஒரு பங்கினர் எந்தக் குறையும் இல்லாமல் திடமான மனிதர்களாக வளர்ந்தார்கள். அவர்களிடம் பொதுவாகக் காணப்பட்ட காரணங்களில் முக்கியமானது, விட்டுக்கொடுக்காமல் அன்பு காட்டிய ஒரு பெரியவராவது பக்கத்தில் இருந்தது. பலருக்கு அந்தப் பெரியவர் ஓர் ஆசிரியர்.

நம் ஊர்க் கிணறுகளில் பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவதைப் பார்த்திருப்பீர்கள். முதுகில் சுரைக்குடுக்கையைக் கட்டித் தண்ணீரில் இறக்குவார்கள். நாளாக ஆகக் குடுக்கையை அவிழ்த்துவிடுவார்கள். பிள்ளை தண்ணீர் குடிக்கும், இருமும், அழும். பழக்குகிற மாமாவோ சித்தப்பாவோ படியை விட்டு நகர மாட்டார். குடுக்கையை அவிழ்க்காத வீட்டுப் பிள்ளைக்கு நீச்சல் வராது. தள்ளிவிட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போகிறவரிடம் பிள்ளையைக் கொடுக்க யாரும் துணிய மாட்டார்கள். வகுப்பறையிலும் இந்த இரண்டு தவறுகளையும் தவிர்த்தாக வேண்டும்.

“எட்டாவது வரை ஆல் பாஸ் போட்டுத்தான் பிள்ளைகள் கெட்டுப்போனார்கள்” என்று ஸ்டாஃப் ரூமில் அடிக்கடி கேட்பீர்கள். அதற்குத் தலையாட்டாதீர்கள். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரை யாரையும் அதே வகுப்பில் நிறுத்தக் கூடாது என்றது. 2019இல் சட்டத்தைத் திருத்தி, ஐந்திலும் எட்டிலும் நிறுத்திவைக்க வழி திறந்தார்கள். தமிழ்நாடும் அந்த இரண்டு வகுப்புகளுக்கும் பொதுத்தேர்வு என்று அறிவித்து, எதிர்ப்பு வந்ததும் 2020 பிப்ரவரியில் கைவிட்டது. கைவிட்டது சரி. பத்து வயதுப் பிள்ளையைத் தம்பி தங்கைகளோடு உட்காரவைத்து, புரியாத அதே பாடத்தை அதே முறையில் இன்னொரு வருடம் நடத்தினால் அவமானம்தான் மிஞ்சும். முதல் தலைமுறையாகப் படிக்க வருகிற வீடுகளில் ஒரு வருடம் போனால் படிப்பே நின்றுபோகும். பையன் வேலைக்குப் போவான். பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை தோற்றால் டியூஷன் மாறும். இல்லாத வீட்டுப் பிள்ளை தோற்றால் வாழ்க்கையே மாறும். அதனால் தோல்வியின் விலையைக் குறைப்பதுதான் உங்கள் முதல் வேலை. வருடம் போகாத, மானம் போகாத சின்னச் சின்னத் தோல்விகள் வாரந்தோறும் வகுப்புக்குள்ளேயே நடக்கட்டும். எட்டு வரை ஒரு தடுமாற்றத்தையும் சந்திக்காத பிள்ளை ஒன்பதாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வில் முதல் அடியை வாங்குவதுதான் ஆபத்து.

பாடத்துக்குள்ளேயே இதைச் செய்யலாம். பத்தாம் வகுப்பில் திட்ட விலக்கம் வருகிறது. சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுத் தொடங்காதீர்கள். இரண்டு பேட்ஸ்மேன்களின் ரன்களை எழுதுங்கள். முதல் ஆள்: 48, 52, 50, 47, 53. இரண்டாவது ஆள்: 0, 110, 15, 95, 30. இருவருக்கும் சராசரி 50. “யாரை நம்பி டீமில் எடுப்பீர்கள்? நம்பகத்தன்மையை ஒரே எண்ணில் சொல்லுங்கள்” என்று கேட்டுவிட்டு ஒதுங்கி நில்லுங்கள்.

வகுப்பே சந்தைக்கடை ஆகும், ஆகட்டும். ஒவ்வொரு ரன்னும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று சிலர் கழித்துக் கூட்டுவார்கள். இருவருக்கும் பூஜ்யம் வரும். திகைப்பார்கள், அழித்துவிட்டு மறுபடி கூட்டுவார்கள், மறுபடியும் பூஜ்யம்தான். ஒரு கெட்டிக்காரப் பெண் பெரியதிலிருந்து சிறியதைக் கழித்து 6, 110 என்பாள். வகுப்பு கைதட்டும். அப்போது இன்னும் இரண்டு பேரை இறக்குங்கள்: 0, 50, 50, 50, 100 என்று ஒருவர்; 0, 0, 50, 100, 100 என்று மற்றொருவர். இருவருக்கும் வித்தியாசம் 100தான், ஆனால் இரண்டாவது ஆள்தான் கூடுதலாகத் தடுமாறுகிறார் என்று கண்ணுக்கே தெரிகிறது. அந்த முறையும் உடைந்துபோகும். ஒரு பீரியடு முழுக்க யாருக்கும் விடை கிடைக்காது.

மறுநாள் நீங்கள் விலகல்களை வர்க்கப்படுத்திக் காட்டும்போது, கழித்தல் குறி எதனால் தொலைய வேண்டும் என்று அவர்கள் ஏற்கெனவே பட்டு உணர்ந்திருப்பார்கள். மனு கபூர் என்ற ஆய்வாளர் சிங்கப்பூரின் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இதே வகைப் பாடத்தைச் சோதித்தார். முதலில் தாங்களே முட்டிமோதிப் பிறகு பாடம் கேட்டவர்கள், நேரடியாகப் பாடம் கேட்டவர்களைவிடக் கருத்தைத் தெளிவாகப் புரிந்துகொண்டார்கள். ‘பயன்தரும் தோல்வி’ என்று அதற்குப் பெயர் வைத்தார். அங்கேயும் முட்டிமோதலுக்குப் பிறகு ஆசிரியர் வந்து, பிள்ளைகளின் முயற்சிகளையே எடுத்துவைத்துப் பாடத்தை நடத்தினார் என்பதை மறக்காதீர்கள். மறுநாள் பாடம் இல்லையென்றால் முதல் நாள் தோல்விக்குப் பயன் இல்லை.

அடுத்தது விடைத்தாள் கொடுக்கும் நாள். அதிக மார்க் வாங்கியவர் பெயரிலிருந்து தொடங்கி வரிசையாகக் கூப்பிட்டுக் கொடுக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இன்னும் இருக்கிறது. கடைசிப் பத்துப் பிள்ளைகள் தங்கள் பெயருக்காகக் காத்திருக்கும் அந்த நிமிடங்களில் அவர்கள் முகத்தைப் பாருங்கள், பிறகு அந்த வழக்கத்தை நீங்கள் தொட மாட்டீர்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் மாநில ரேங்க் பட்டியலையே தமிழ்நாடு அரசு 2017இல் நிறுத்திவிட்டது. ஒரு வகுப்பறை அதைத் தொடர நியாயம் இல்லை. தாளை மடித்து அவரவர் கையில் கொடுங்கள். முதல் பத்து நிமிடம் யாரும் மார்க்கைப் பேசக் கூடாது. எந்த வரியில் கணக்கு தடம் மாறியது என்று ஒவ்வொருவரும் பென்சிலால் கோடு போட்டுக் காட்டட்டும். “எனக்குக் கணக்கே வராது” என்று வந்த பிள்ளை, “மூன்றாவது வரியில் குறியை மாற்ற மறந்துவிட்டேன்” என்று திரும்பிப் போவான். முன்னதற்கு மருந்து இல்லை, பின்னதற்கு உண்டு.

பிறகு நான்கு நாள் கழித்து, அதே பாடத்தில் வேறு கணக்குகளோடு இரண்டாம் தேர்வு வையுங்கள். இரண்டில் எது அதிகமோ அதுவே பதிவேட்டில் ஏறட்டும். “சோம்பேறித்தனம் வளரும்” என்பார்கள். வளராது. திருத்தினால் பலன் உண்டு என்று தெரிந்த பிள்ளை திருத்திக்கொள்ள வருகிறது. தெரியாத பிள்ளைதான் தாளைக் கிழிக்கிறது.

பாராட்டிலும் கவனம் வேண்டும். 1998இல் உளவியலாளர்கள் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளிடம் செய்த சோதனை இது. சில பிள்ளைகளிடம் “நீ புத்திசாலி” என்றார்கள். சிலரிடம் “நன்றாக உழைத்திருக்கிறாய்” என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்களைக் கொடுத்துத் தோற்க வைத்தார்கள். ‘புத்திசாலி’கள் சீக்கிரம் சோர்ந்தார்கள், அதன் பிறகு வந்த எளிய புதிர்களிலும் சறுக்கினார்கள். தங்கள் மார்க்கை எழுதித் தரச் சொன்னபோது அவர்களில் பத்தில் நான்கு பேர் அளவுக்குக் கூட்டி எழுதினார்கள். ரேங்க் கார்டில் அப்பா கையெழுத்தைத் தானே போடும் பிள்ளையின் மனசு உங்களுக்கு இப்போது புரியும். வெறும் “முயற்சி செய்” என்ற பேச்சும் போதாது. எந்த முயற்சி, எந்த வரியில் என்று குறிப்பாகச் சொல்லுங்கள்.

பெற்றோரிடம் கோபப்படாதீர்கள். அறிவியல் கண்காட்சிக்கு எரிமலை மாடலைக் கடையில் வாங்கி அனுப்புகிற அப்பாவும், ப்ராஜெக்ட் நோட்டைத் தானே எழுதிக் கொடுக்கிற அம்மாவும், மறந்துபோன ஹோம்வொர்க் நோட்டைக் கேட்டில் கொண்டுவந்து நீட்டுகிற தாத்தாவும் பயத்தில் செய்கிறார்கள். பெற்றோர் கூட்டத்தில் அவர்களைக் குற்றம் சொல்லாமல், உறுதி கொடுங்கள்: “நோட்டைக் கொண்டுவராவிட்டால் அடிக்க மாட்டேன், திட்ட மாட்டேன். மறுநாள் கொண்டுவரச் சொல்வேன். அவனே ஞாபகம் வைத்துக்கொள்ளட்டும், அம்மா.” பள்ளியில் பிள்ளைக்கு அவமானம் நடக்காது என்று நம்பிக்கை வந்த பிறகே வீட்டார் கையை எடுப்பார்கள்.

ஓர் எச்சரிக்கை. ‘தாங்கிக்கொள்ளப் பழகட்டும்’ என்ற பெயரில் எல்லாவற்றையும் பிள்ளையின் தலையில் கட்டுவது பெரும் பாவம். பசி பாடம் அல்ல. பிரம்படி பாடம் அல்ல. அதைக் கல்வி உரிமைச் சட்டமே தடை செய்கிறது. சாதிப் பெயரைச் சொல்லிச் செய்யும் கேலி, உடலை வைத்துச் செய்யும் கிண்டல், கழிப்பறை கழுவச் சொல்வது, இவை எதுவும் மன உறுதி தராது. அங்கெல்லாம் பிள்ளையைத் தாங்கச் சொல்லாதீர்கள். அநியாயத்தைத் தடுத்து நிறுத்துங்கள். கண்ணுக்குத் தெரியாத குறைகளையும் தேடுங்கள். திரும்பத் திரும்பத் தோற்கிற பிள்ளைக்குக் கண்ணாடி தேவைப்படலாம். எழுத்துகள் குழம்பும் கற்றல் குறைபாடு இருக்கலாம். வீட்டில் இரவு தூங்க முடியாத நிலை இருக்கலாம். எவ்வளவு முயன்றாலும் வெல்ல வழியே இல்லாத இடத்தில் வைத்தால், பிள்ளை முயற்சி வீண் என்பதைத்தான் கற்றுக்கொள்ளும்.

பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் ஊருக்குப் போய்விடாதீர்கள். தவறிய பிள்ளைகளின் வீட்டுக்கு அன்றைக்கே போன் செய்யுங்கள், முடிந்தால் நேரில் போங்கள். துணைத் தேர்வு சீக்கிரமே வருகிறது, அதில் தேறினால் இந்த வருடமே பதினொன்றில் சேரலாம் என்று அப்பா, அம்மா, பிள்ளை மூவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொல்லுங்கள். பேச்சில் விபரீதம் தென்பட்டால் பிள்ளையைத் தனியாக விடக் கூடாது என்று வீட்டாரிடம் சொல்லி, 14416 என்ற மனநல உதவி எண்ணை அழைத்துப் பேச வையுங்கள். அந்த நாளில் மார்க்கைப் பற்றி எந்த அறிவுரையும் வேண்டாம்.

இவ்வளவையும் ஒரே வருடத்தில் செய்துவிட முடியாது, தம்பி. ஒன்றிலிருந்து தொடங்குங்கள். காலாண்டுத் தேர்வுக்கு முன்பே உங்கள் மூன்று வகுப்புகளிலும் அந்த இரண்டாம் தேர்வைக் கொண்டுவந்துவிடுங்கள். ஸ்லிப் டெஸ்டை எப்படி நடத்துவது என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. மறுநாள் வராமல் போகும் அந்தப் பெண்ணிடம் இன்றைக்கே சொல்லி அனுப்புங்கள்: வெள்ளிக்கிழமை திரும்ப எழுதலாம், சார் காத்திருப்பார் என்று.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இந்த வேலையைச் செய்த ஒரு கணக்கு வாத்தியார்