போணி ஆகாத பாடம்

பொறியியல் கல்லூரி, கலைக் கல்லூரி என்ற வேறுபாடு இல்லாமல் தொழில்முனைவு பாடத்திட்டத்துக்குள் வந்துவிட்டது. துணிச்சல், தன்னம்பிக்கை, தொலைநோக்கு என்று தொழில்முனைவோரின் பண்புகளை மாணவர் வரிசையாக ஒப்பிக்கிறார், மதிப்பெண்ணும் விழுகிறது. ‘ஏட்டுச் சுரைக்காய்’ என்று இதைக் கேலி செய்யாதவர் இல்லை. கேலிக்குப் பரிகாரமாகக் கல்லூரிகள் கண்டுபிடித்திருப்பவை ஆண்டு விழாவில் ஸ்டால், ஐடியா போட்டி, நடுவர்கள் முன் பத்து நிமிட பவர்பாயிண்ட். பார்க்கச் சுறுசுறுப்பாக இருக்கிறது. புகைப்படத்துக்கும் நன்றாக இருக்கிறது. ஆனால் ஸ்டாலில் பஜ்ஜி வாங்குபவர் வகுப்புத் தோழர், போட்டியில் கைதட்டுபவர் துறைத்தலைவர். ‘எனக்கு வேண்டாம்’ என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு நடையைக் கட்டும் அந்நியர் ஒருவர்கூட அங்கே இல்லை. அந்த அந்நியர் உள்ளே வரும்வரை, ஏட்டில் இருந்தாலும் சரி, ஸ்டாலில் இருந்தாலும் சரி, இந்தப் பாடம் போணி ஆகாது. அவரை வாசலிலேயே நிறுத்திவைத்திருக்கும் நம்பிக்கைகள் சில உண்டு.

நம்பிக்கை: வியாபாரம் ரத்தத்தில் ஊறியது, வகுப்பில் வராது.

இதற்குச் சாட்சியாக நம் ஊரில் நகரத்தார்களைக் காட்டுவது வழக்கம். பர்மாவிலும் மலாயாவிலும் அவர்கள் நடத்திய கொடுக்கல் வாங்கல் கடைகளின் உள்கட்டமைப்பைப் பார்த்தால் கதை வேறு. பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து கணக்கும் வட்டியும் பழகி, அடுத்தாளாகி, அதன்பிறகு மேலாளாவது என்று அங்கே ஒரு படிவரிசையே இருந்தது. ரத்தம் என்று நாம் சொல்வதில் பெரும்பகுதி இந்தப் பயிற்சிதான். பட்டமளிப்பு விழா நடக்கவில்லை என்பதால் அதைப் படிப்பு என்று யாரும் எண்ணவில்லை. 1960களில் ஹார்வர்டு உளவியலாளர் டேவிட் மெக்லெலண்ட், ஆந்திரத்தின் காக்கிநாடாவைச் சேர்ந்த வணிகர்களுக்கு ஹைதராபாத்தில் குறுகிய காலப் பயிற்சி கொடுத்துப் பார்த்தார். பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட முனைப்பாகத் தொழிலை விரித்தார்கள். இன்னும் கறாரான சான்று டோகோ நாட்டிலிருந்து வந்தது. அங்கே 1,500 சிறுதொழில் நடத்துபவர்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவுக்குக் கணக்கு, விற்பனை, நிதி என்ற வழக்கமான பயிற்சியும், இன்னொரு பிரிவுக்குத் தாமாக முன்னின்று வாய்ப்பைத் தேடும் பழக்கத்துக்கான உளவியல் பயிற்சியும் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்கு எதுவும் இல்லை. 2017இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியான முடிவின்படி, உளவியல் பயிற்சி பெற்றவர்களின் லாபம் 30 சதவீதம் கூடியது. வழக்கமான பயிற்சி பெற்றவர்களுக்குக் கிடைத்த 11 சதவீதம், தற்செயல் என்று ஒதுக்கிவிடக்கூடிய அளவில்தான் இருந்தது. அவர்கள் ஏற்கெனவே கடை வைத்திருந்தவர்கள், நம் மாணவர்கள் அப்படி அல்லவே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்தக் கேள்வியே விடையின் பாதியைச் சொல்லிவிடுகிறது: அவர்கள் வகுப்பில் கேட்டதை மறுநாள் காலையில் வாடிக்கையாளரிடம் உரசிப் பார்க்க முடிந்தது.

நம்பிக்கை: நல்ல பிசினஸ் பிளான் எழுதக் கற்றால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

தொழில்முனைவுக் கல்விக்குப் பேர்போன அமெரிக்காவின் பாப்சன் கல்லூரி ஆய்வாளர்களே இதைச் சோதித்தார்கள். அங்கே படித்தவர்கள் தொடங்கிய 116 நிறுவனங்களில், எழுதிய திட்டத்தோடு தொடங்கியவற்றுக்கும் திட்டம் இல்லாமல் தொடங்கியவற்றுக்கும் பிற்பாடு வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. வெளியாரிடம் பெரிய முதல் திரட்ட வேண்டியவர்களுக்குத் திட்டம் தேவை, வங்கி கேட்கும். மற்றபடி நாற்பது பக்க ஸ்பைரல் பைண்டிங்கில் மூன்றாம் ஆண்டு விற்பனையை மாணவர் எதை வைத்து எழுதுகிறார் என்பது அவருக்கும் தெரியாது, திருத்துபவருக்கும் தெரியாது.

நம்பிக்கை: கையால் செய்துவிட்டால் அது செய்முறைக் கல்வி.

நல்ல ஆசிரியர்களும் ஏமாறும் இடம் இது. மாணவர் குழு ஒரு குட்டி நிறுவனம் தொடங்கி, பங்கு விற்று, பொருள் விற்று, ஆண்டு முடிவில் கலைப்பது பல நாடுகளில் நடக்கும் திட்டம். நெதர்லாந்தில் ஒரு தொழிற்கல்வி நிறுவனத்தின் இரண்டு வளாகங்களில் ஒன்றில் மட்டும் இது நடந்ததால், இரண்டையும் ஒப்பிட முடிந்தது. 2010இல் வெளியான அந்த ஆய்வில், மாணவர்கள் தம் திறன்களைப் பற்றித் தந்த மதிப்பீட்டில் சொல்லும்படியான முன்னேற்றம் இல்லை. தொழில் தொடங்கும் விருப்பமோ குறைந்திருந்தது. விருப்பம் குறைந்ததைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். திறன் கூடவில்லை என்பதுதான் இங்கே உறுத்த வேண்டியது. ஒரு முழு ஆண்டு நிறுவனம் நடத்தியும் ஏன் கூடவில்லை?

என் கணிப்பில் விடை இத்தாலியில் இருக்கிறது. அங்கே 116 புதிய நிறுவனங்களை இரண்டாகப் பிரித்து, இரு தரப்புக்கும் சந்தையிடம் கருத்துக் கேட்பது பற்றி 10 அமர்வுகள் நடத்தினார்கள். ஒரு தரப்பை மட்டும் கூடுதலாக ஒன்றைச் செய்யவைத்தார்கள். உங்கள் ஊகம் என்ன, எது நடந்தால் அது தவறு என்று ஒப்புக்கொள்வீர்கள் என்பதை முன்பே எழுதுங்கள், பிறகு போய்ச் சோதியுங்கள் என்றார்கள். மற்றத் தரப்பு உள்ளுணர்வின்படி நடந்துகொண்டது. ஏறக்குறைய ஓராண்டு தொடர்ந்து கவனித்ததில், ஊகத்தை எழுதிச் சோதித்தவர்கள் நிறுவனத்தை இன்னும் நன்றாக நடத்தினார்கள். கைவசம் இருந்த யோசனையை விட்டு வேறொன்றுக்கு மாறவும் அவர்கள்தான் தயங்கவில்லை. இரு தரப்புமே ‘செய்தார்கள்’. வேறுபாடு, செய்வதற்கு முன் தம்மை மாட்டிவைத்துக்கொண்டதில்.

நம் மாணவர்களுக்கு இது புதிதே அல்ல. பிளஸ் டூ வேதியியலில் உப்பைப் பகுத்தாய்ந்தவர் எல்லோருக்கும் மனப்பாடமான கட்டம்தான்: சோதனை, காண்பன, அறிவன. உப்பு எது என்பதை ரகசியமாகத் தெரிந்துகொண்டு அறிவனவிலிருந்து பின்னோக்கி எழுதும் வித்தையும் அவர்களுக்குத் தெரியும். புராஜெக்ட் அறிக்கைகளில் நடப்பதும் அந்த வித்தைதான். ஒரு குழு விடுதி மாணவர்களுக்குச் சலவை வசதி செய்து கொடுக்கலாம் என்று நினைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கூகுள் ஃபார்மில் ‘இப்படி ஒரு வசதி வந்தால் பயன்படுத்துவீர்களா?’ என்று அனுப்பினால் எல்லோரும் ‘ஆம்’ போடுவார்கள், நண்பனைப் புண்படுத்துவானேன்? அதற்குப் பதிலாக, முகம் தெரியாத வேறொரு கல்லூரி விடுதிக்குப் போய், ‘போன வாரம் உங்கள் துணியை யார் துவைத்தது, எவ்வளவு கொடுத்தீர்கள்?’ என்று கேட்கச் சொல்லுங்கள். வாளியில் ஊறவைத்துத் தானே கசக்கியவனும், சனிக்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய் அம்மாவிடம் போட்டவனும் அங்கே தட்டுப்படுவார்கள். பிறகு, ‘அடுத்த வாரத்துக்கு 50 ரூபாய் முன்பணம் கொடுங்கள்’ என்று கேட்க வேண்டும். 40 அறைகளில் 12 பேராவது பணம் கொடுக்காவிட்டால் யோசனையைக் கைவிடுகிறோம் என்று கிளம்புமுன்பே எழுதி, ஆசிரியரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். உப்பு எது என்று முன்கூட்டித் தெரிந்துகொள்ளும் வழி அடைபடுகிறது.

ஆசிரியருக்கே வியாபாரம் தெரியாதே என்ற ஆட்சேபம் இங்கே பாதி கரைந்துவிடும். வெற்றிக்கதை சொல்ல அனுபவம் வேண்டும். ‘எது நடந்தால் நீ தோற்றதாக ஒப்புக்கொள்வாய்?’ என்று கேட்க ஓர் இயற்பியல் பேராசிரியரே போதும். விலை குறிப்பது, பாக்கி வசூலிப்பது போன்றவற்றுக்கு ஊர்க் கடைக்காரர் ஒருவரை இரண்டு முறை அழைக்கலாம். மேடையில் ஏற்றிப் பொன்னாடை போர்த்த வேண்டாம். மாணவர் கணக்கைக் கையில் கொடுத்து ஓட்டை கண்டுபிடிக்கச் சொன்னால் போதும்.

பணத்துக்கு எங்கே போவது என்பது அடுத்த ஆட்சேபம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் டீனா சீலிக் கொடுத்த பயிற்சியில் ஒவ்வொரு குழுவுக்கும் கிடைத்தது 5 டாலரும் 2 மணி நேரமும்தான். ஒரு குழு வளாகத்தில் சைக்கிள் டயரின் காற்றை இலவசமாக அளந்து பார்த்து, குறைந்திருந்தால் 1 டாலருக்கு நிரப்பிக் கொடுத்தது. நடுவில் ஒரு மாற்றம் செய்தது: விலை சொல்வதை விட்டுவிட்டு, விருப்பப்பட்டதைக் கொடுங்கள் என்றது. வருமானம் ஏறியது. 5 டாலரைத் தொடவே இல்லாத குழுக்கள்தான் மிகுதியாகச் சம்பாதித்தன. இது கதைதான், ஆய்வு அல்ல. காசு புழங்கும் வளாகத்தில் நடந்ததும்கூட. இருந்தாலும், இரண்டே மணி நேரத்தில் வாங்குபவரின் முகத்தைப் பார்த்து விலைமுறையை மாற்றிய அந்த ஒரு திருப்பம், ‘விலை நிர்ணயக் கொள்கைகள்’ என்ற அத்தியாயம் முழுதும் சொல்ல முடியாதது. வீட்டில் முதல் பட்டதாரியாக வரும் பிள்ளையை நட்டத்துக்குத் தள்ளலாமா என்றால், கூடாது. முதலீடு கல்லூரியுடையதாக இருக்கட்டும். பாப்சனில் முதலாண்டு மாணவர் குழுக்களுக்குக் கல்லூரியே கடன் கொடுத்து, லாபத்தைத் தொண்டுக்கு அனுப்பும் முறை இருந்தது. நட்டம் கையைக் கடிக்கலாம், கழுத்தைப் பிடிக்கக் கூடாது.

நம்பிக்கை: எத்தனை ஸ்டார்ட்அப் பிறந்தது என்பதே பாடத்தின் வெற்றி.

தரவரிசைப் படிவங்களில் நிரப்பக் கட்டம் இருப்பதால் இந்த நம்பிக்கைக்கு ஆயுள் கெட்டி. அமெரிக்காவில் 27 லட்சம் நிறுவனர்களை ஆராய்ந்து 2020இல் வெளியான ஆய்வில், ஆயிரத்தில் ஒன்றாக அதிவேகமாக வளர்ந்த நிறுவனங்களைத் தொடங்கியவர்களின் சராசரி வயது 45. பட்டம் வாங்கும் ஆண்டிலேயே நிறுவனங்களை எண்ணுவது, தென்னையை வைத்துவிட்டு மூன்றாம் மாதம் இளநீர் கேட்பது போன்றது. மியூனிக் பல்கலைக்கழகத்தில் கட்டாயப் பாடமாகத் தொழில்முனைவைப் படித்தவர்களிடமும், நெதர்லாந்தைப் போலவே, தொழில் தொடங்கும் விருப்பம் சராசரியாகச் சற்றுக் குறைந்தது. தமக்கு ஒத்துவருமா வராதா என்பதைப் பாடம் அவர்களுக்குத் தெளிவாக்கியது என்பது ஆய்வாளர்களின் விளக்கம். அப்பாவின் வருங்கால வைப்பு நிதியைக் கரைத்த பிறகு வர வேண்டிய தெளிவு, ஒரு செமஸ்டரில் வந்திருக்கிறது. நம் படிவங்களில் அதற்குக் கட்டம் இல்லை.

அந்தச் சலவைக் குழுவுக்கே வருவோம். 40 அறைகளில் 7 பேர்தான் பணம் கொடுத்தார்கள். எழுதிவைத்தபடியே திட்டத்தை மூடிவிட்டு, ஏழு பேருக்கும் 50 ரூபாயைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, குழு வெறுங்கையோடு வந்து நிற்கிறது. எத்தனை மதிப்பெண் போடலாம்? நான் முழு மதிப்பெண் போடுவேன், திருப்பிக் கொடுத்ததற்கு ஏழு கையெழுத்தும் இருந்தால்.