கண் தேர்ந்தெடுக்கும் வெட்ஜ், தரை தேர்ந்தெடுக்கும் வெட்ஜ்

கோல்ஃப் பையில் இருக்கும் மட்டைகளில் வெட்ஜ் விஷயத்தில்தான் ஆட்டக்காரர்கள் அதிகப் பிடிவாதம் காட்டுகிறார்கள். அதில் நியாயம் இருக்கிறது. கிரீனுக்கு 30 கெஜம் தள்ளி நின்று, பந்துக்குப் பின்னால் வெட்ஜை வைத்துக் குனிந்து பார்க்கும்போது அந்தத் தலையின் வடிவம் மனதுக்கு ஒப்பவில்லை என்றால் கை தயங்கும். தயங்கிய கை பந்தைச் சுத்தமாக அடிப்பதில்லை. ஆகவே வடிவத்தை உங்கள் விருப்பப்படி தேர்ந்தெடுங்கள். ஆனால் மேலிருந்து தெரியும் உருவத்துக்கு மட்டும்தான் அந்த உரிமை. சோல் எனப்படும் அடிப்பாகத்தைத் தரையும் உங்கள் வீச்சும்தான் தீர்மானிக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

பந்துக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கடைச் சுவரில் மாட்டியிருக்கும் வெட்ஜ் தன் முதுகைத்தான் காட்டுகிறது. ஆடும்போது நீங்கள் பார்க்கப்போவது முதுகை அல்ல. தரையில் வைத்து, ஆடும் நிலையில் நின்று, நான்கு இடங்களைக் கவனியுங்கள்: டோ எனப்படும் நுனி எவ்வளவு உயர்ந்திருக்கிறது, ஹீல் எனப்படும் குதிப்பக்கம் தண்டு நுழையும் ஹோசலோடு எப்படிச் சேர்கிறது, முன்விளிம்பு நேராக இருக்கிறதா வளைந்திருக்கிறதா, ஹோசலுக்குப் பின்னால் முகம் எவ்வளவு தள்ளி நிற்கிறது. ரோஜர் கிளீவ்லேண்ட் 1988 இல் கொண்டுவந்த 588 வெட்ஜின் நீர்த்துளி வடிவம்தான் இன்றும் பலர் கண்ணுக்குள் இருக்கும் ‘சரியான’ வெட்ஜ். ஹீலிலிருந்து டோ வரை உறுத்தல் இல்லாமல் விரியும் கோடு அது. என் விருப்பமும் அதுவே. உங்களுக்கு அகலமான, உருண்டையான தலைதான் தெம்பு தருகிறது என்றால் அதையே எடுங்கள். யாருக்கும் காரணம் சொல்லத் தேவையில்லை.

முன்விளிம்பை உங்கள் ஆட்டத்தோடு பொருத்துங்கள். பெரும்பாலும் முகத்தை நேராக வைத்தே அடிப்பவருக்கு நேரான விளிம்பு இலக்கைக் காட்டிக்கொடுக்கும். முகத்தைத் திறந்து விதவிதமாக ஆடுபவருக்கு வளைந்த விளிம்புதான் வசதி. எவ்வளவு திறந்தாலும் அது கண்ணைக் குழப்பாது.

பவுன்ஸைப் புரிந்துகொண்ட பிறகு விலை கேளுங்கள். ஜீன் சாரசன் பழைய நிப்லிக் மட்டையின் அடியில் உலோகத்தைச் சேர்த்து, பின்விளிம்பை முன்விளிம்பைவிடத் தாழ்த்தினார். அந்த மட்டையோடு 1932 இல் பிரின்சஸ் மைதானத்தில் பிரிட்டிஷ் ஓபனை வென்றார். அந்தத் தாழ்வுதான் பவுன்ஸ். அது இல்லாத வெட்ஜ் மண்வெட்டி போல மண்ணுக்குள் இறங்கிவிடும். பொதுவாக 4 முதல் 6 டிகிரி வரை குறைவு, 7 முதல் 10 வரை நடுத்தரம், அதற்கு மேல் அதிகம் என்று கொள்ளலாம். இளகிய மணல், ஈரமான தரை, செங்குத்தாக இறங்கும் வீச்சு ஆகியவற்றுக்கு அதிகம் வேண்டும். இறுகிய தரைக்கும், தரையை ஒட்டி வழுக்கிப் போகும் வீச்சுக்கும் குறைவு போதும். முகத்தைத் திறந்தால் பவுன்ஸ் கூடும், முன்விளிம்பு தரையிலிருந்து எழும். கைகளை முன்னால் தள்ளினால் பவுன்ஸ் குறையும். ஆக, மட்டையில் பொறித்த எண் ஒரு தொடக்கம் மட்டுமே.

கிரைண்டையும், அதாவது சோல் செதுக்கப்பட்ட விதத்தையும், பாருங்கள். டைட்டலிஸ்ட் நிறுவனத்தில் பாப் வோக்கி உருவாக்கிய வெட்ஜ்களில் ஒரே லாஃப்டுக்கு, அதாவது முகத்தின் ஒரே சாய்வுக்கு, பல அடிவடிவங்கள் கிடைக்கின்றன. எஃப் கிரைண்டின் முழு அடிப்பாகம் நேர்முக வீச்சுக்கு ஏற்றது. எம் கிரைண்டில் ஹீல், டோ, பின்விளிம்பு மூன்றும் செதுக்கப்பட்டிருப்பதால் முகத்தைத் திறந்தாலும் விளிம்பு தரையோடு படியும். கே கிரைண்ட் அகலமானது. பங்க்கரில் தவிப்பவர்களுக்கு நான் முதலில் கையில் கொடுப்பது அதைத்தான்.

லாஃப்ட் இடைவெளியைக் கணக்கிடுங்கள். இன்றைய பல அயர்ன் செட்டுகளில் பிட்சிங் வெட்ஜ் சுமார் 44 டிகிரிக்கு வந்துவிட்டது. நேராக 56 க்குத் தாவினால் நடுவில் பெரிய ஓட்டை விழும். 4 முதல் 6 டிகிரி இடைவெளி நல்லது. மொத்தம் 14 மட்டைதான் அனுமதி என்பதையும் மறக்காதீர்கள்.

புல்லில் அடித்துப் பாருங்கள்.

செய்யக்கூடாதவை

பயிற்சிக்கூடத்துப் பாய் மீது அடித்துப் பார்த்து சோலைத் தேர்ந்தெடுக்காதீர்கள். பந்துக்கு முன்பே தரையைத் தொட்டாலும் மட்டை பாயில் வழுக்கிப் போய்ப் பந்தைப் பிடித்துவிடும். எல்லா வெட்ஜும் நல்ல வெட்ஜாகத் தெரியும்.

பிரபலம் வைத்திருப்பதால் வாங்காதீர்கள். உயர்ந்த டோவும் முகம் முழுக்கப் பள்ளக்கோடுகளும் கொண்ட காலவே வெட்ஜ் ஃபில் மிக்கல்சனுக்காக உருவானது. முகத்தை முழுதாகத் திறந்து, கிரீனைச் சுற்றிய அடர்புல்லில் பந்தை எழுப்பும் ஆட்டம் அவருடையது. அந்த அடியை ஆடாதவருக்கு அந்த உயரமான டோ கண்ணை உறுத்தும் கூடுதல் எடை, அவ்வளவுதான்.

அழகில்லை என்று ஒரு வெட்ஜை அடித்துப் பார்க்காமல் ஒதுக்காதீர்கள். நான் கண்ணுக்கு இவ்வளவு இடம் கொடுத்த பிறகும் இதைச் சொல்லியாக வேண்டும். கார்ஸ்டன் சோல்ஹைம் வடிவமைத்த பிங் ஐ 2 வெட்ஜை யாரும் அழகி என்று சொல்லமாட்டார்கள். ஹோசலை ஒட்டிய இடம் குடைந்தெடுத்தது போலிருக்கும். ஆனால் அந்தக் குடைவால்தான் முகத்தைத் திறந்தபோதும் முன்விளிம்பு தரையோடு ஒட்டி நின்றது. மற்ற மட்டைகள் எல்லாம் வேறு நிறுவனத்துடையதாக இருந்தும், இந்த ஒரு வெட்ஜை மட்டும் பல ஆண்டுகள் விடாமல் வைத்திருந்த தொழில்முறை ஆட்டக்காரர்கள் உண்டு. நல்ல அடிகள் சேரச் சேரக் கண் பழகிவிடும். பத்து நாள் கடன் வாங்கி ஆடியும் கண் பழகவில்லை என்றால் தயங்காமல் விட்டுவிடுங்கள்.

எல்லா வெட்ஜும் ஒரே வடிவில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். பிட்சிங் வெட்ஜ் முழு வீச்சுக்கானது. அது அயர்ன் செட்டைப் போலவே தெரிந்தால் நல்லது. 58, 60 டிகிரி வெட்ஜ் வேறு வேலைக்கு வந்தது. அது வேறு முகத்தோடு இருக்கட்டும்.

துரு சுழற்சியைக் கூட்டும் என்று நம்பிப் பூச்சில்லாத வெட்ஜை வாங்காதீர்கள். வெயிலில் கண் கூசாது என்பதே அதன் உண்மையான பயன். சென்னை போன்ற கடற்கரை ஊர்களில் அது வெகு சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நீங்களே சோலைத் தேய்க்காதீர்கள். போன உலோகம் திரும்பாது. பவுன்ஸோடு தலையின் எடையும் மாறிவிடும்.

பள்ளக்கோடுகள் தேய்ந்ததும் புதியது வாங்கும்போது, பழைய வெட்ஜை உடனே விற்றுவிடாதீர்கள். அதே பெயரில் வரும் அடுத்த பதிப்பிலும் டோவும் விளிம்பும் சற்று மாறியிருக்கக்கூடும். இரண்டையும் அருகருகே புல்லில் வைத்து, மேலிருந்து பாருங்கள்; பிறகு பணம் கொடுங்கள்.