டிராக்டர் எஞ்சின் சூடேறினால், தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள்

குறுவைப் பட்டத்தில் டிராக்டர் நின்றுவிட்டால் இழப்பு பட்டறைச் செலவோடு முடிவதில்லை. குறுகிய கால நெல் இரகங்களின் நாற்றை 18 முதல் 22 நாட்களுக்குள் நட்டுவிட வேண்டும். சேற்றுழவு தள்ளிப் போனால் நாற்று முதிர்ந்து, நட்ட பின் தூர் கட்டுவது குறையும். எஞ்சின் அளவுக்கு மீறிச் சூடேறுவது இவ்வாறு வேலையை நிறுத்தும் பழுதுகளுள் ஒன்று. இது பெரும்பாலும் திடீரென வருவதில்லை. காலையில் ரேடியேட்டரைத் திறந்து பார்ப்பவர், 'கொஞ்சம் குறைந்திருக்கிறது' என்று ஒரு செம்பு நீரை ஊற்றி மூடிவிடுகிறார். மறுநாளும் அவ்வாறே செய்கிறார். அந்த ஒரு செம்பு நீர் எங்கே போயிற்று என்று கேட்பதே பழுதைக் கண்டறிவதில் முதற்படி.

டீசல் எரிவதால் உண்டாகும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் குளிர்விக்கும் நீர்தான் வெளியேற்ற வேண்டும். இந்நீர் மூடிய சுற்றில் ஓடுவதால் நாள்தோறும் குறைவதற்குக் காரணமே இல்லை. ஒன்று மட்டும் விலக்கு. தனிச் சேமக்கலம் இல்லாத ரேடியேட்டரைக் கழுத்து வரை நிரப்பினால், சூட்டில் நீர் விரிந்து சிறிது வழியும். பிறகு மட்டம் ஒரே இடத்தில் நின்றால் அது கசிவு அன்று. மேலும் குறைந்தால், ஊற்றும் நீரை அளந்து ஊற்றி, மணி மீட்டரின் எண்ணையும் சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எத்தனை மணி ஓட்டத்திற்கு எவ்வளவு குறைகிறது என்பது மெக்கானிக்குக்குப் பாதி விடை.

வெப்பமானியின் முள் சிவப்பை நெருங்கினால் கலப்பையைத் தூக்கி, சுமையைக் குறைத்து, சில நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தவும். விசிறி பெல்ட் அறுந்திருந்தாலோ நீர் கொட்டிப் போயிருந்தாலோ உடனே நிறுத்திவிட வேண்டும். மூடியை மட்டும் அப்போது தொடாதீர்கள். சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தம் தாங்கும் மூடி இருந்தால், நீர் சுமார் 111 டிகிரி செல்சியஸ் வரை கொதிப்பதில்லை. மூடியைத் திறந்தவுடன் அழுத்தம் போய்விடுவதால், அவ்வளவு நேரம் அடங்கியிருந்த நீர் ஆவியாகப் பொங்கி முகத்தில் அடிக்கும். மேல் குழாயைக் கையால் தாராளமாகப் பிடிக்க முடிகிற அளவு ஆறிய பின், துணியைப் போட்டு, முதல் நிலை வரை திருகி, அழுத்தம் முழுவதும் வெளியேறிய பிறகே திறக்க வேண்டும். கொதித்த எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் சிலிண்டர் ஹெட் விரிசல் விடக்கூடும்.

நீர் மட்டம் குறையாமலே சூடேறினால்

காற்றோட்டத்தையோ நீரோட்டத்தையோ சந்தேகிக்க வேண்டும். கதிரடிப்புக் காலத்தில் பதரும் வைக்கோல் தூசும் ரேடியேட்டர் தகடுகளில் அப்பிக்கொள்ளும். விசிறி காற்றை முன்புறமிருந்து இழுப்பதால், எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிநோக்கி மெதுவாகக் காற்றையோ நீரையோ பாய்ச்ச வேண்டும். வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கிவிடும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எஞ்சின் நன்றாகச் சூடேறிய பின்னும் மேல் குழாய் குளிர்ந்தே இருந்தால், தெர்மோஸ்டாட் திறக்கவில்லை என்று கருதலாம். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் ஓடினால் டீசல் சரியாக எரியாது, சிலிண்டர் தேய்மானமும் கூடும். புதியது ஒன்றைப் பொருத்துவதே முறை.

நீர் குறைந்தால்

முதலில் வெளிக் கசிவைத் தேடவும். குழாய்ப் பட்டைகள், ரேடியேட்டரின் அடித்தொட்டி இணைப்பு, மூடியின் இரப்பர், தண்ணீர் பம்பின் அடியிலுள்ள சிறு துளை ஆகியவற்றைப் பாருங்கள். சூட்டில் கசியும் நீர் உடனே உலர்ந்துவிடுவதால் ஈரம் தெரியாமற் போகலாம். ஆனால் வெள்ளையாகவோ துருநிறமாகவோ தடம் விட்டிருக்கும். பம்பின் துளையிலிருந்து நீர் சொட்டினால் உள்ளே சீல் தேய்ந்துவிட்டது என்று பொருள். துளையை அடைப்பது பயன் தராது.

வெளியே தடயம் இல்லையெனில் நீர் எஞ்சினுக்குள்ளேயே போகிறது. குளிர்ந்த எஞ்சினை மூடியின்றி ஓடவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். தங்கிய காற்று சிறிது நேரம் குமிழியிட்டு நின்றுவிடும். குமிழி விடாமல் வந்துகொண்டே இருந்தால் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம். எஞ்சின் சூடேறிய பிறகும் புகைபோக்கியில் வெள்ளை ஆவி தொடர்வது இன்னொரு அடையாளம். எண்ணெய் அளவுக் கம்பியில் எண்ணெய் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தாலோ, மட்டம் உயர்ந்திருந்தாலோ, நீர் எண்ணெயில் கலந்துவிட்டது. ஐயமிருந்தால், இரவு முழுதும் நின்ற டிராக்டரின் எண்ணெய்த் தொட்டித் திருகாணியைக் காலையில் எஞ்சினை இயக்கும் முன் சற்றே தளர்த்துங்கள். எண்ணெயைவிட நீர் கனமானது. இருந்தால் முதலில் சொட்டுவது நீர்தான். அவ்வெண்ணெயோடு ஒரு சால்கூட ஓட்டக் கூடாது. பேரிங்குகள் கெட்டுவிடும்.

வழியில் நின்றுவிட்டால் ரேடியேட்டர் ஓட்டையை அடைக்க மஞ்சள் தூள் போடும் வழக்கம் உண்டு. வீடு வந்து சேர அது உதவலாம். ஆனால் அதே தூள் நுண்குழாய்களையும் அடைக்கும் என்பதால், வந்தவுடன் நீரை வடித்துக் கழுவிவிட வேண்டும்.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் முக்கியம். உப்புத்தன்மையுள்ள ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றி வந்தால், கொதிகலத்தில் படிவது போன்ற சுண்ணாம்புப் படிவு உள்ளே ஏறும். அது வெப்பத்தைக் கடத்தும் திறனில் வார்ப்பிரும்பைவிட இருபது மடங்குக்கு மேல் தாழ்ந்தது. ஒரு மில்லிமீட்டர் படிவு, இரண்டு சென்டிமீட்டர் இரும்புச் சுவரைக் கூடுதலாக வைத்ததற்குச் சமம். கையேட்டில் கூறிய கூலண்டை, கூறிய விகிதத்தில், காய்ச்சி வடித்த நீருடன் கலந்து ஊற்றுவது நல்லது. நம் ஊரில் நீர் உறையாதே, கூலண்ட் எதற்கு என்று கேட்கலாம். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் வேலைதான்.

கூலண்டில் பொதுவாக இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருக்கும் நஞ்சு அது. வடித்த கூலண்டை வாய்க்காலிலோ தொழுவத்தருகிலோ கொட்டாமல், குழந்தைகளுக்கும் ஆடு மாடுகளுக்கும் எட்டாத மூடிய கலத்தில் வைத்துப் பட்டறையில் ஒப்படைத்துவிடுங்கள்.