வளர்முக நாடுகளில் சாலை மரணங்கள்: காரணங்களும் கடமைகளும்

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2021-ஆம் ஆண்டில் உலகெங்கும் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் சுமார் 11 லட்சத்து 90 ஆயிரம் பேர். இவர்களில் 92 சதவிகிதத்தினர் குறைந்த வருவாயும் நடுத்தர வருவாயும் உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். ஆனால் உலகிலுள்ள மோட்டார் வாகனங்களில் அந்நாடுகளில் ஓடுபவை ஏறத்தாழ 60 சதவிகிதமே. வாகனங்கள் குறைவாக உள்ள இடத்தில் மரணங்கள் மிகுதியாக இருப்பது ஏன்?

இக்கேள்விக்குப் பொதுவாகக் கூறப்படும் விடை, மக்களுக்குச் சாலை ஒழுக்கம் இல்லை என்பதாகும். அதில் ஓரளவு உண்மை உண்டு. எனினும் அதுவே முழு உண்மை எனக் கொண்டால், தீர்வு அறிவுரையோடும் அபராதத்தோடும் நின்றுவிடும். தவறு செய்வது மனித இயல்பு. எல்லா நாடுகளிலும் ஓட்டுநர்கள் தவறு செய்கின்றனர். ஒரு நாட்டில் அத்தவறு வண்டியின் நசுங்கலோடு முடிகிறது. மற்றொரு நாட்டில் உயிரிழப்பில் முடிகிறது. இந்த வேறுபாட்டை உண்டாக்குபவை எவை என்று ஆராய்வதே பயனுடையது. இந்தியாவின் அனுபவம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும்.

இரண்டு அளவுகோல்கள்

1949-இல் இங்கிலாந்தைச் சேர்ந்த ஆர். ஜே. ஸ்மீட் என்னும் ஆய்வாளர், 20 நாடுகளின் 1938-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரங்களை ஒப்பிட்டு ஒரு தொடர்பைக் கண்டார். மக்கள்தொகைக்கு ஏற்ப வாகனங்கள் பெருகப் பெருக, ஒவ்வொரு வாகனத்திற்குமான மரண வீதம் குறைகிறது என்பதே அது. இந்தியாவிலும் இது மெய்யாகியுள்ளது. 1970-இல் நாட்டில் சுமார் 14 லட்சம் வாகனங்கள் இருந்தன. சாலைகளில் 14,500 பேர் மாண்டனர். அதாவது, 10,000 வாகனங்களுக்கு நூற்றுக்கு மேற்பட்ட மரணங்கள். 2019-இல் பதிவு பெற்ற வாகனங்கள் 29 கோடியைத் தாண்டின, மரணங்கள் 1,51,113. இவ்வீதம் 10,000 வாகனங்களுக்குச் சுமார் 5 ஆகக் குறைந்தது.

இவ்வீழ்ச்சியைக் கண்டு மனநிறைவு கொள்வதற்கில்லை. மக்கள்தொகையை அளவுகோலாகக் கொண்டால் படம் தலைகீழாகிறது. 1970-இல் லட்சம் பேருக்கு மூவருக்கும் குறைவாக இருந்த மரண வீதம், 2022-இல் சுமார் 12 ஆக உயர்ந்துவிட்டது. அவ்வாண்டில் காவல் துறைப் பதிவுகளின்படி மாண்டவர்கள் 1,68,491 பேர். 2023-இல் இத்தொகை 1,72,000-ஐத் தாண்டியது. பதிவாகாத மரணங்களையும் கணக்கிட்டு, 2021-இல் இந்தியாவில் 2 லட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. ஒரு நோயின் தீவிரத்தை அதனால் இறக்கும் மக்களைக் கொண்டே அளக்கிறோம். சாலை மரணத்தையும் அவ்வாறே அளப்பது முறை.

உயிரிழப்போர் யார்?

வளர்ந்த நாடுகள் பலவற்றில் சாலையில் இறப்போரில் பெரும்பகுதியினர் காரில் செல்வோர். இந்தியாவிலோ 2022-இல் மாண்டவர்களில் 44.5 சதவிகிதத்தினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள், 19.5 சதவிகிதத்தினர் நடந்து சென்றவர்கள். இவ்விரு பிரிவினரே பத்தில் ஆறு பேருக்கு மேல் ஆகின்றனர். இவர்களைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை; மோதலின் வேகம் முழுவதையும் உடலே தாங்க வேண்டியுள்ளது.

மாண்டவர்களில் மூன்றில் இரு பங்கினர் 18 முதல் 45 வயதுக்குட்பட்டவர்கள். குடும்பத்தின் வருவாய் அவர்களையே சார்ந்திருக்கும் வயது அது. ஊனமுற்றுப் பிழைப்பவரின் குடும்பம் மருத்துவச் செலவிற்காக நிலத்தையும் நகையையும் இழந்து கடனில் வீழ்கிறது. 1999-2000-ஆம் ஆண்டில் சாலை விபத்துகளால் நேர்ந்த சமுதாய இழப்பு 55,000 கோடி ரூபாய், அதாவது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் சுமார் 3 சதவிகிதம் எனத் திட்டக் குழு மதிப்பிட்டிருந்தது. ஆகவே இது போக்குவரத்துப் பிரச்சினை மட்டுமன்று, வறுமைப் பிரச்சினையுமாகும்.

ஒரே சாலையில் பல வேகங்கள்

மாட்டு வண்டி, மிதிவண்டி, டிராக்டர், ஆட்டோ, பேருந்து, சரக்கு லாரி, விரைந்து செல்லும் கார் ஆகிய அனைத்தும் ஒரே சாலையைப் பகிர்ந்துகொள்வது இந்தியச் சாலைகளின் இயல்பு. கலப்புப் போக்குவரத்து எனப்படும் இந்நிலை தன்னளவில் கொடியதன்று. எல்லாம் மெதுவாகச் சென்ற காலத்தில் மோதல்கள் நிகழ்ந்தாலும் மரணங்கள் குறைவாகவே இருந்தன. சாலை அகன்று வேகம் கூடியபோது அதே கலப்பு உயிர்க்கொல்லியாக மாறியது.

இதன் காரணம் இயற்பியலில் உள்ளது. இயங்கும் பொருளின் ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி 60 கிலோமீட்டரில் சென்றால், அதன் ஆற்றல் இரு மடங்கன்று, நான்கு மடங்காகும். சராசரி வேகம் ஒரு சதவிகிதம் கூடினால் உயிரிழப்பு விபத்துக்கான வாய்ப்பு சுமார் 4 சதவிகிதம் கூடும் என்பது ஆய்வுகளின் முடிவு. இதனாலேயே நகர்ப்புறச் சாலைகளில் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேற்படாத வேகமும், நடப்போர் மிகுந்த இடங்களில் 30 கிலோமீட்டர் வேகமும் பரிந்துரைக்கப்படுகின்றன.

நெடுஞ்சாலையும் ஊரும்

இந்தியாவின் மொத்தச் சாலை நீளத்தில் தேசிய நெடுஞ்சாலைகளும் மாநில நெடுஞ்சாலைகளும் சேர்ந்து சுமார் 5 சதவிகிதமே. ஆனால் 2022-இல் நிகழ்ந்த மரணங்களில் 60 சதிவிகிதம் இச்சாலைகளில் நேர்ந்தவை. இதை விளக்க நெடுஞ்சாலை ஓரத்துச் சிற்றூர் ஒன்றைக் கருத்தில் கொள்வோம்.

நான்கு வழிச் சாலை ஊரை இரண்டாகப் பிளந்து செல்கிறது. ஒரு புறம் வீடுகள். மறுபுறம் பள்ளியும் பேருந்து நிறுத்தமும் வயல்களும். சுரங்கப் பாதையோ நடை மேம்பாலமோ அருகில் இல்லை. திரும்புவதற்கான இடம் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் இருப்பதால், இருசக்கர வாகனத்தில் செல்லும் விவசாயி சாலையின் எதிர்த்திசையில் சிறிது தூரம் சென்று ஊருக்குள் நுழைகிறார். பெண்களும் குழந்தைகளும் நடுத்தடுப்பில் யாரோ உண்டாக்கிய இடைவெளி வழியே கடக்கின்றனர். சாலையோரத்தில் விளக்கின்றி நிறுத்தப்பட்ட லாரி இரவில் வருவோர் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. சில ஆண்டுகளில் புறவழிச் சாலையின் இருமருங்கிலும் கடைகள் தோன்றி, ஊரைத் தவிர்க்க அமைத்த சாலையே ஊராகிவிடுகிறது.

இங்கு விதி மீறப்படுவது உண்மை. ஆனால் விதிப்படி நடந்தால் அன்றாட வாழ்க்கை நடைபெறாது என்ற நிலையைத் தோற்றுவித்தது சாலையின் அமைப்பாகும். தொலைதூரப் பயணிக்காக அமைக்கப்பட்ட சாலையின் திட்டத்தில், அதைக் குறுக்கே கடக்க வேண்டியவர் இடம்பெறவில்லை.

வாகனமும் காப்புச் சாதனங்களும்

அமெரிக்கா 1966-இலேயே வாகனங்களுக்கான பாதுகாப்புத் தரங்களைச் சட்டத்தின் மூலம் வகுத்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1970-இல் இருக்கைப் பட்டை அணிவதைக் கட்டாயமாக்கியது. இந்தியாவில் ஓட்டுநருக்கான காற்றுப்பை 2019-இல்தான் புதிய கார்களில் கட்டாயமாயிற்று. தலைக்கவசம் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்திலேயே வலியுறுத்தப்பட்டிருப்பினும், 2022-இல் அதை அணியாமல் மாண்டவர்கள் 50,029 பேர். தலைக்கவசம் மரண வாய்ப்பைச் சுமார் 40 சதவிகிதம் குறைக்கும் என்பது ஆய்வுகளால் நிறுவப்பட்டது.

இருசக்கர வாகனங்கள் நிறைந்த வளர்முக நாடு ஒன்றால் இவ்விதியைச் செயற்படுத்த முடியுமா என்ற ஐயத்திற்கு வியட்நாம் விடையளித்தது. 2007 டிசம்பர் 15 முதல் அந்நாடு எல்லாச் சாலைகளிலும் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கி, உறுதியுடன் கண்காணித்தது. அணிவோர் விகிதம் சில வாரங்களில் 90 சதவிகிதத்தைத் தாண்டியது.

விபத்துக்குப் பின்

மோதலுக்குப் பின் வரும் முதல் ஒரு மணி நேரமே பல உயிர்களின் கதியை முடிவு செய்கிறது. காயமுற்றோரை அந்நேரத்திற்குள் மருத்துவமனையில் சேர்த்தால் பாதிக்குக் குறையாத மரணங்களைத் தவிர்க்கலாம் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2006-இல் அளித்த 201-ஆம் அறிக்கையில் சுட்டிக்காட்டியது. எனினும் உதவ முன்வருவோர் வழக்கிற்கும் சாட்சியத்திற்கும் அஞ்சி ஒதுங்கினர். 2016-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும், 2019-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தமும் உதவுவோருக்குப் பாதுகாப்பளித்தன. முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் கட்டணமின்றி வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு 2021-இல் தொடங்கியது. 2025 மே மாதத்தில் மத்திய அரசு அறிவித்த திட்டம், நாடெங்கும் ஏழு நாட்கள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரையிலான சிகிச்சைக்கு வகை செய்கிறது. இவ்வுரிமைகளை மக்களும் மருத்துவமனைகளும் காவலர்களும் அறிந்திருந்தால்தான் இவை உயிர் காக்கும்.

முதல் தகவல் அறிக்கை சொல்லாதது

2022-ஆம் ஆண்டு மரணங்களில் 70 சதவிகிதத்துக்கு மேற்பட்டவற்றிற்கு மிதமிஞ்சிய வேகமே காரணம் எனப் பதிவாகியுள்ளது. இப்பதிவு எவ்வாறு உருவாகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். விபத்து நிகழ்ந்ததும் காவல் துறை, கவனக்குறைவாக வாகனம் ஓட்டிய குற்றத்தின் கீழ் வழக்குப் பதிகிறது. ஆகவே விசாரணை ‘யார் குற்றவாளி?’ என்ற கேள்வியோடு தொடங்கி அதோடு முடிகிறது. அவ்வேகத்திற்கு இடந்தந்த சாலை, மறைவான வளைவு, எரியாத விளக்கு, இல்லாத நடைபாதை ஆகியவை குற்றப்பத்திரிகையில் இடம்பெறுவதில்லை. ஓட்டுநர் தண்டிக்கப்படுகிறார், வளைவு அப்படியே இருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு ஓட்டுநர் அதே இடத்தில் அதே தவறைச் செய்கிறார்.

இக்குறையை நீக்க இரண்டு கருவிகள் இப்போது கிடைத்துள்ளன. ஒன்று, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகமும் தேசியத் தகவலியல் மையமும் உருவாக்கிய ஒருங்கிணைந்த விபத்துத் தரவுத் தளம். காவல், நெடுஞ்சாலை, போக்குவரத்து, சுகாதாரம் ஆகிய துறைகள் ஒரே விபத்தைப் பற்றிய விவரங்களை இதில் பதிவு செய்யலாம். மற்றொன்று, 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் 198-ஏ பிரிவு. சாலையின் வடிவமைப்பிலும் பராமரிப்பிலும் உரிய தரங்களைக் கடைப்பிடிக்கத் தவறியதால் மரணமோ ஊனமோ நேர்ந்தால், பொறுப்பான அதிகாரி, ஒப்பந்தக்காரர் உள்ளிட்டோர் மீது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க அது வகை செய்கிறது.

ஜப்பான் காட்டிய வழி

சாலை மரணம் வளர்ச்சிக்குத் தர வேண்டிய விலை என்று கருதுவோர் ஜப்பானின் வரலாற்றை நோக்க வேண்டும். வேகமாகத் தொழில்மயமான அந்நாட்டில் 1970-இல் 16,765 பேர் சாலைகளில் மாண்டனர். அந்நிலையை ‘போக்குவரத்துப் போர்’ என்றே அந்நாட்டார் குறிப்பிட்டனர். அவ்வாண்டே போக்குவரத்துப் பாதுகாப்பு அடிப்படைச் சட்டம் இயற்றப்பட்டது. ஐந்தாண்டுத் திட்டங்களின் வாயிலாக நடைபாதைகள், சாலைத் தடுப்புகள், சைகை விளக்குகள், நடை மேம்பாலங்கள் அமைக்கப்பட்டன. 1979-இல் மரணங்கள் 8,466 ஆகக் குறைந்தன. அதே காலத்தில் வாகனங்கள் ஏறத்தாழ இரு மடங்காகின என்பது கருதத்தக்கது. பின்னர் இத்தொகை மீண்டும் சிறிது உயர்ந்தபோதும், தொடர்ந்த முயற்சியால் 2022-இல் 2,610 ஆயிற்று. பத்தே ஆண்டுகளில் ஜப்பானிய மக்களின் குணம் மாறிவிடவில்லை; அவர்கள் நடந்த சாலைகள் மாறின.

செய்ய வேண்டியவை

சாலை மரணங்களை 2030-க்குள் பாதியாகக் குறைப்பது ஐக்கிய நாடுகள் சபை வகுத்த குறிக்கோள். இதை நோக்கிய பணி மாவட்ட அளவிலேயே தொடங்கலாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் கூடும் சாலைப் பாதுகாப்புக் குழு, உயிரிழப்பு நேர்ந்த ஒவ்வோர் இடத்தையும் நேரில் ஆய்ந்து, அங்கே எதை மாற்றினால் அடுத்த மரணம் தவிர்க்கப்படும் என்று எழுதி வைக்க வேண்டும். ஊர்களின் ஊடே செல்லும் சாலைகளில் வேகத்தைக் குறைக்கும் அமைப்புகளும், நடப்போர் கடக்கும் இடங்களும், விளக்குகளும் சாலை மதிப்பீட்டிலேயே அடங்க வேண்டும். பிற்காலச் சேர்க்கையாக இருத்தல் ஆகாது. தலைக்கவசச் சோதனை ஆண்டுக்கொரு வாரம் நிகழும் சடங்காக இன்றி அன்றாடப் பணியாக வேண்டும்.

மருத்துவத் துறை ஒரு காலத்தில் காலராவை மக்களின் தீவினை என்று ஏற்காமல், குடிநீரைத் தூய்மைப்படுத்தி அதை வென்றது. சாலை மரணமும் அத்தகையதே. விபத்தில் இறந்தவரின் கோப்பு ‘ஓட்டுநரின் கவனக்குறைவு’ என்ற இரு சொற்களோடு மூடப்படும் வரை இம்மரணங்கள் தொடரும். அக்கோப்பில் ‘இவ்விடத்தில் செய்த மாற்றம்’ என்ற தலைப்பின் கீழ் ஒரு வரியேனும் எழுதப்படும் நாளிலிருந்து அவை குறையத் தொடங்கும்.