ஆசிரியர் அழைத்தால் அது புகார் அல்ல



அண்ணனூரிலிருந்து ஆவடி, திருமுல்லைவாயல், அம்பத்தூர்ப் பக்கம் படிக்கப் போகும் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையை, வேலை முடிந்து இரவில் வீடு திரும்பும் அத்தாவைவிட வகுப்பாசிரியர்தான் அதிக நேரம் பார்க்கிறார். பிள்ளையின் மனம் வாடினால் அது முதலில் அவர் கண்ணில் படக்கூடும். ஆகவேதான் மாணவர் மனநலம் குறித்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்படுகிறது. அந்தப் பயிற்சி பலன் தருவதில் பெற்றோரான நமக்கும் பங்கு உண்டு.

எத்தனை பிள்ளைகள்?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது. 40 பேர் உள்ள வகுப்பில் ஏறத்தாழ மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆசிரியர் கற்பது என்ன?

2020 பிப்ரவரியில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் பள்ளி நலத் திட்டத்தின்படி, அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் இரண்டு ஆசிரியர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். இயன்றவரை ஒருவர் ஆண், ஒருவர் பெண். அதில் உள்ள 11 தலைப்புகளில் மனநலமும் ஒன்று.

இத்தகைய பயிற்சி ஆசிரியரை மருத்துவர் ஆக்குவதற்கானது அல்ல. மூன்று காரியங்களை அவர் கற்றுக்கொண்டால் போதும்.

1. கவனிப்பது: நன்றாகப் படித்த பிள்ளை திடீரெனப் பின்தங்குவது, நண்பர்களை விட்டு ஒதுங்குவது, அடிக்கடி விடுப்பு எடுப்பது, எதற்கெடுத்தாலும் கோபப்படுவது, வகுப்பில் தூங்கி விழுவது. இவை இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் விசாரிக்க வேண்டும்.

2. கேட்பது: மற்றவர் முன்னிலையில் அல்லாமல் தனியாக, அறிவுரை சொல்லாமல், குறுக்கே பேசாமல் கேட்பது. "சாகணும் போல இருக்கா?" என்று நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, சொல்ல முடியாமல் தவிக்கும் பிள்ளைக்கு அது வாய் திறக்க வழி தரும்.

3. சேர்ப்பது: பெற்றோரிடமும் ஆலோசகரிடமும் மருத்துவரிடமும் கொண்டுசேர்ப்பது. பிள்ளை சொன்னதை ஆசிரியர் அறையில் பேசக்கூடாது. ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்கவும் கூடாது.

பயிற்சி மட்டும் போதுமா?

பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் 74 அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடந்த ஆய்வு ஒன்று 2018இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. சில பள்ளிகளில் இதற்கென்றே நியமித்துப் பயிற்சி தரப்பட்டவர்கள் மாணவர்களுடன் பணியாற்றினார்கள். அங்கே மனச்சோர்வும் சக மாணவர் சீண்டலும் குறைந்தன. வேறு சில பள்ளிகளில் இதே பணியை ஆசிரியர்கள் தங்கள் வழக்கமான வேலையோடு சேர்த்துச் செய்தார்கள். அங்கே அந்தப் பலன் கிடைக்கவில்லை.

ஆசிரியருக்கு அக்கறை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக்கூடாது. பாடம், தேர்வு, பதிவேடு என்று ஏற்கெனவே சுமை உள்ளவருக்குப் பயிற்சியோடு நேரமும் துணையும் வேண்டும். ஆகவே பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலோ பெற்றோர் கூட்டத்திலோ நாம் கேட்க வேண்டியவை இவை: நம் பள்ளிக்கூடத்தில் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் யார்? பிள்ளைகளைச் சந்திக்க அவர்களுக்குத் தனி நேரம் உண்டா? ஆலோசகர் வருகிறாரா? தனியார் பள்ளியிலும் இதைக் கேட்கலாம்.

வீட்டில் நம் கடமை

"உங்க பிள்ளை கொஞ்ச நாளா சரியில்லை, ஒரு தடவை வந்து பாருங்க" என்று ஆசிரியர் அழைத்தால் பலர் அதைப் புகாராக எடுத்துக்கொள்கிறோம். அன்று இரவே பிள்ளைக்குத் திட்டும் அடியும் விழுகின்றன. அதன் பிறகு அந்தப் பிள்ளை எவரிடமும் மனம் திறக்காது. ஆசிரியர் பெற்ற பயிற்சியும் அத்தோடு வீண். அழைத்த ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள். அத்தா, அம்மா இருவரும் சேர்ந்து போங்கள். பிள்ளையிடம், "என்னம்மா கஷ்டம்? நாங்க இருக்கோம்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருங்கள்.

தேர்வில் தோற்றாலும் வாழ்க்கை முடிந்துவிடாது. பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் தவறியவர்கள் அதே ஆண்டிலேயே துணைத் தேர்வு எழுதலாம். இதைத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

"தொழுகை இல்லை, அதனால்தான் இப்படி" என்று சிலர் முடித்துவிடுகிறார்கள். தொழுகையும் துஆவும் மனத்துக்கு ஆறுதல்தான். ஆனால் காய்ச்சலுக்கு துஆவும் செய்து மருந்தும் கொடுக்கும் நாம், மனநோய்க்கு மட்டும் மருந்தை மறுப்பது நியாயமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அபூ ஸைத் அல்பல்கீ என்ற முஸ்லிம் அறிஞர் உடல்நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் வைத்து எழுதினார். மருத்துவரிடம் போவது ஈமானின் குறைவு ஆகாது.

குறித்து வையுங்கள்

மனநல ஆலோசனைக்கு 14416. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். வன்முறை, துன்புறுத்தலில் சிக்கிய பிள்ளைகளுக்கு 1098. நேரில் காட்ட, திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் கீழ்ப்பாக்கம் அரசு மனநல மருத்துவமனையும் உள்ளன. உயிரை மாய்த்துக்கொள்ளும் பேச்சு வந்தால் பிள்ளையைத் தனியே விடாதீர்கள்; விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே அழைத்துச் செல்லுங்கள்.

பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். வீடும் பள்ளிக்கூடமும் கைகோத்தால் அந்த அமானிதத்தைக் காக்க முடியும், இன்ஷா அல்லாஹ்.